கோவணமும் பூட்டும்: ஆண் ஒழுக்கக் காப்பில் தூய்மை, இதம், பாதுகாப்பு – தமிழ்ப் பனுவல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆணின் புலனடக்கத்தைப் புறக்கருவி ஒன்றின் பொறுப்பில் விடும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்துள்ளது. வளையம், பூட்டு, கவசம் என அது வடிவம் மாறி இன்று விற்பனைப் பொருளாகவும் கிடைக்கிறது. அதனை அணிவோர்க்கு எழும் முதன்மையான சிக்கல்கள் தூய்மை, இதம், பாதுகாப்பு ஆகிய மூன்றாகும். தமிழ்ப் பனுவல்களில் இதற்கு இணையான பூட்டு இல்லை. துறவியின் கோவணம் உண்டு. பெரியபுராணத்து அமர்நீதி நாயனார் வரலாறு, திருக்குறள், வடலூர் இராமலிங்க அடிகளின் 'நித்திய கரும விதி' ஆகிய மூன்றையும் இச்சிக்கல்களின் வழியே இக்கட்டுரை வாசிக்கிறது. அடக்கத்தைத் தமிழ் மரபு பூட்டாகக் கருதாமல் பேணலாகக் கருதியது என்பதும், அம்மரபின் பெயரால் இன்று நடைபெறும் அச்சமூட்டும் வணிகம் அப்பனுவல்களுக்கே முரணானது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கோவணம், அமர்நீதி நாயனார், நிறை, நித்திய கரும விதி, விந்துக் காப்பு, உடல் தூய்மை, அச்சம்

முன்னுரை

கற்பு என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் பெண்ணைச் சுட்டியே வழங்கி வந்துள்ளது. அதனை ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவில் வைக்கவேண்டும் என்று பாரதியார் வற்புறுத்தினார். அச்சொல்லின் ஒருசார்புத் தன்மையைப் பெரியார் தம் கட்டுரைகளில் கண்டித்தார். ஆயினும் ஆணின் புலனடக்கத்தைப் பற்றித் தமிழில் நிகழ்ந்த பேச்சு அறவுரை என்ற அளவிலும், மருத்துவ விளம்பரம் என்ற அளவிலுமே பெரிதும் நின்றுவிட்டது. அடக்கம் காக்கும் உடலுக்கு அன்றாடம் என்ன நேர்கிறது? அது எவ்வாறு கழுவப்படுகிறது, எவ்வாறு உறங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது? இவ்வினாக்கள் ஆய்வுப் பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

ஆண் உறுப்பைப் பூட்டிவைக்கும் கருவிகள் இன்று நெகிழி, சிலிக்கோன், துருவேறா எஃகு ஆகியவற்றால் செய்து விற்கப்படுகின்றன. வயது வந்தோர் தம் விருப்பத்தின்பேரில், பெரும்பாலும் துணைவரின் உடன்பாட்டோடு இவற்றை அணிகின்றனர். அவ்விருப்பத்தின் சரி, தவறுகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அக்கருவி எழுப்பும் மூன்று வினாக்கள் பழைய பனுவல்களைப் புதிதாக வாசிக்க உதவுகின்றன. அணிந்ததைத் தூய்மையாக வைத்துக்கொள்ள முடியுமா? அது உடலுக்கு இதமாக இருக்குமா? அதன் காவல் யார் கையில் உள்ளது?

பூட்டின் வரலாறு

ஆண் உறுப்பைக் கட்டுப்படுத்தும் வழக்கத்திற்குப் பழைய சான்று உரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சசு எழுதிய நூலின் 7ஆம் பகுதியில் உள்ளது. குரல்வளம் கெடாதிருக்கவும் உடல்நலம் காக்கவும் இளைஞரின் முன்தோலில் துளையிட்டு வளையம் மாட்டும் முறையை அவர் விளக்குகிறார். துளை ஆறி வடு உண்டாகும் வரை நூலை நாள்தோறும் அசைத்துவர வேண்டும் என்று செய்முறையைக் கூறும் அவரே, இச்சிகிச்சை தேவையானது என்பதைவிடத் தேவையற்றது என்றே பெரும்பாலும் சொல்லவேண்டும் எனவும் எழுதுகிறார். செய்முறையைச் சொல்லிவிட்டு அதன் பயனை ஐயுறும் இந்நேர்மை கவனத்திற்குரியது.

14ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இபின் பதூதா, ஐதரி என்னும் துறவுக் குழுவினர் கையிலும் கழுத்திலும் காதிலும் இரும்பு வளையம் அணிந்ததோடு, புணர்ச்சி இயலாதவாறு ஆண் உறுப்பிலும் வளையம் பூட்டியிருந்தனர் என்று குறித்துள்ளார். பின்னாளில் மதுரைச் சுல்தானின் அவையிலும் தங்கிய பயணி அவர். துறவைத் தன் உடலில் இரும்பாகக் காட்டும் இவ்வழக்கம் தமிழகம் வந்த ஒருவரின் எழுத்தில் பதிவாகியிருப்பினும், தமிழ்ப் பத்தி இலக்கியம் அதனைத் தனதாக்கிக்கொள்ளவில்லை.

ஐரோப்பாவில் பெண்களுக்குப் பூட்டிய கற்புக் கச்சை பற்றிய கதைகள் பரவலானவை. கொன்றாடு கைசர் 1405-இல் எழுதிய போர்க்கருவி நூலில் அதன் படம் ஒன்று உள்ளது. எனினும் இடைக்காலப் பெண்கள் அதனை வழக்கமாக அணிந்தனர் என்பது பிற்காலக் கற்பனையே என ஆல்பிரெக்ட் கிளாசன் 2007-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆண்களுக்கான கருவிகளோ கற்பனையல்ல. 1760-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் டிசோ எழுதிய நூலும், 1836 முதல் வெளிவந்த லாலெமானின் நூலும் விந்து இழப்பை உயிர் கொல்லும் நோயாகச் சித்திரித்தன. அவ்வச்சத்தின் விளைவாகப் பற்கள் பொருத்திய வளையங்களும் பூட்டிய கவசங்களும் உருவாயின. அமெரிக்காவில் எல்லன் பெர்க்கின்ஸ் என்பவர் 1908-இல் இத்தகைய உடற்கவசம் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். பூட்டைப் படைத்தது துறவு உணர்வு மட்டுமன்று, மருத்துவத்தின் பெயரால் ஊட்டப்பட்ட அச்சமும்தான் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

உடலின் கணக்கு

பனுவல்களை அணுகுமுன் உடலியல் கூறும் சிலவற்றைத் தொகுத்துக்கொள்வது தேவை.

முதலாவது தூய்மை. மூடிய கருவிக்குள் வியர்வையும் சிறுநீர்த் துளியும் தங்கும். முன்தோலின் அடியில் இயல்பாகச் சேரும் வெண்படிவு அகற்றப்படாவிடில் மொட்டழற்சி தோன்றும். நீரிழிவு உள்ளவர்க்கு இவ்வாய்ப்பு மிகுதி. கடலூர் மாவட்டத்தின் கோடை போன்ற புழுக்கத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை எளிதில் பற்றும். நாள்தோறும் கழற்றி, மென்மையான சோப்பும் நீரும் கொண்டு உறுப்பையும் கருவியையும் கழுவி, ஈரம் அறவே உலர்ந்த பின்னரே மீண்டும் அணிதல் வேண்டும். கழுவுதலைவிட உலர்த்துதலே பலரும் தவறவிடும் பகுதி.

இரண்டாவது இதம். நலமுள்ள ஆணுக்கு உறக்கத்தின் கனவுக் கட்டங்களில் இரவுதோறும் பலமுறை விறைப்பு உண்டாகிறது. அது விருப்பத்தின் விளைவன்று, உடலின் இயல்பு. அளவிற் சிறிய வளையம் அவ்வேளையில் முதலில் சிரைகளை நெரிக்கும். தமனி வழியே குருதி உள்ளே வந்துகொண்டிருக்க, வெளியேறும் வழி அடைபடுவதால் வீக்கம் பெருகும். வீங்கிய பின் வளையம் கழலாது. நிறம் நீலமாதல், குளிர்தல், மரத்துப்போதல், வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே அகற்றவேண்டும். அகற்ற இயலாவிடில் மருத்துவமனையை நாடுதல் வேண்டும். மாழைக் கலவையில் நிக்கல் இருப்பின் சிலர்க்குத் தோல் ஒவ்வாமையும் நேரும்.

மூன்றாவது பாதுகாப்பு. இச்சொல் இங்கு இருபொருள் தருகிறது. கருவி கழன்றுவிடாதிருத்தல் ஒன்று. அணிந்தவர் தீங்குறாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் முரணும் இடத்தில் பின்னதே முன்நிற்க வேண்டும். சாவி பிறரிடம் இருப்பினும் அவசரக் காலத்தில் அணிந்தவர் தாமே திறக்க ஒரு வழி இருத்தல் இன்றியமையாதது. உள்ளே இருப்பதைக் காப்பதற்காக உள்ளே இருப்பவரை இழக்கும் காவல் காவலாகாது.

இம்மூன்று அளவைகளையும் கையிற்கொண்டு இனிப் பனுவல்களுக்குச் செல்லலாம்.

அமர்நீதி நாயனாரும் அடைக்கலக் கோவணமும்

தமிழ் மரபில் ஆணின் துறவை உடலிற் காட்டும் உடை கோவணம். கௌபீனம், கீள், லங்கோடு என அதன் பெயர்களும் வகைகளும் பல. மாணிக்குரிய அடையாளமாகவும், மற்போர் பயில்வோர்க்குரிய கட்டாகவும், உழவரின் வேலை உடையாகவும் அது விளங்கியது. பூட்டில்லாத, ஒரு முடிச்சால் நிற்கும் துணி அது. கட்டியவரே அவிழ்க்கலாம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இத்துணியை மையமாகக் கொண்டு ஒரு முழு வரலாறு அமைந்துள்ளது. பழையாறை வணிகரான அமர்நீதியார் பொன்னும் மணியும் பட்டும் விற்றவர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு உணவும் கோவணமும் அளித்தவர். அவரிடம் சிவபெருமான் மாணி வடிவில் வருகிறார். கையிலுள்ள தண்டில் இரண்டு கோவணமும் திருநீற்றுப் பையும் கட்டப்பட்டுள்ளன. நீராடச் செல்லும் தாம், மழை வரினும் வரும் என்று கூறி, உலர்ந்த கோவணம் ஒன்றைப் பாதுகாத்துத் தருமாறு ஒப்படைக்கிறார். மீண்டு வந்து கேட்கையில் அது காணாமற்போயிருக்கிறது. புதியன பல கொடுத்தும் அவர் ஏற்கவில்லை. தண்டில் எஞ்சிய கோவணத்துக்கு ஈடாக ஏதேனும் நிறுத்துத் தருமாறு துலையேற்றுகின்றனர். உடைமை முழுவதும் வைத்தும் தட்டு நேர்நிற்கவில்லை. இறுதியில் அமர்நீதியார் தம் மனைவியோடும் மைந்தனோடும் தட்டில் ஏறத் துலை நேராகிறது.

இவ்வரலாற்றை அடியார் பெருமை கூறும் பகுதியாக வாசிப்பது வழக்கம். கதையின் நிகழ்ச்சிக் கட்டமைப்பு முழுவதும் தூய்மை, இதம், பாதுகாப்பு ஆகிய மூன்றின்மேல் எழுந்திருப்பது அவ்வாசிப்பில் மறைந்துவிடுகிறது. மாணிக்கு இரண்டு கோவணம் தேவைப்படுவது ஏன்? ஒன்று நனைந்தால் மற்றொன்று உலர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. நீராட்டு, ஈரம், மழை, உலர்ந்த மாற்றுடை என்னும் அன்றாட உடல் ஒழுங்கே கதையைத் தொடங்கிவைக்கிறது. ஈரத்துணியை உடுத்தி நிற்றலாகாது என்னும் எளிய இயல்பு அறிவு மாணியின் கோரிக்கைக்கு நியாயம் தருகிறது. கேட்பவர் எவர்க்கும் அக்கோரிக்கை விபரீதமாகத் தோன்றாததனால்தான் கதை நம்பத்தக்கதாகிறது.

பாதுகாப்பு இக்கதையில் பொருளின் காவலாகவே வருகிறது. மாணி தம் அடக்கத்தை அமர்நீதியாரிடம் ஒப்படைக்கவில்லை. துணியை மட்டுமே ஒப்படைக்கிறார். துணி மறைந்தபோது மாணியின் துறவுக்குக் குறைவு நேர்ந்ததாகச் சேக்கிழார் ஓரிடத்தும் கூறவில்லை. குறை நேர்வது காவலேற்றவரின் வாக்குக்கே. உடை போயினும் அடக்கம் போகாது என்னும் இந்நுண்மை, உடையை அடக்கத்தின் பூட்டாக மதிக்கும் பார்வைக்கு நேர் எதிரானது.

நாட்டார் வழக்கில் இதன் நகைச்சுவை வடிவம் ஒன்றும் உண்டு. கோவணத்தை எலி கடித்ததால் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பேண மணம் புரிந்து இல்லறத்தான் ஆன துறவியின் கதை அது. கருவியின் காவலில் மூழ்கியவன் எதைக் காக்கக் கருவி ஏற்பட்டதோ அதனையே இழக்கிறான் என்பது அதன் உட்பொருள்.

எனினும் சேக்கிழாரின் வரலாற்றைத் திறனாய்வின்றி ஏற்பதும் பொருந்தாது. ஓர் ஆணின் உள்ளாடைக்கு ஈடாக மற்றோர் ஆணின் மனைவியும் மகனும் துலைத் தட்டில் ஏற்றப்படுகின்றனர். கதை அவர்க்குச் சிவபதம் அளித்து முடிகிறது என்பது உண்மை. ஆயினும் ஆணின் புனிதத்திற்கான விலையைக் குடும்பம் செலுத்துவது இயல்பே என்னும் கருத்தும் அத்தட்டில் உள்ளது. ஆண் ஒழுக்கத்தைப் பற்றிய எந்த ஆய்வும் அவ்வொழுக்கத்தின் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் வினாவைத் தவிர்த்துச் செல்லலாகாது.

சிறையும் நிறையும்

புறக்காவல் பற்றிய தெளிவான மறுப்பு திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் 57ஆம் குறளில் உள்ளது. மகளிரைச் சிறைவைத்துக் காக்கும் காவலால் பயன் என்ன என்று வினவி, அவர்தம் நிறையே தலையாய காவல் என்கிறார் வள்ளுவர். சிறை என்பதற்கு மதிலும் வாயிற்காவலும் போன்றவற்றைப் பொருளாகக் காண்கிறது பரிமேலழகர் உரை. பூட்டும் அவ்வரிசையில் அடங்குவதே.

அக்குறள் மகளிரை நோக்கியது. ஆணுக்கு அதனை ஏன் சொல்லவில்லை என்னும் வினா நியாயமானது. ஆணை மதிலுக்குள் அடைக்கும் வழக்கம் இல்லாத சமூகத்தில் ஆணின் சிறையை மறுக்கவேண்டிய தேவை எழவில்லை என்பது ஒரு விடை. அந்த விடையிலேயே அச்சமூகத்தின் ஏற்றத்தாழ்வும் வெளிப்படுகிறது. ஆயினும் பிறனில் விழையாமை அதிகாரத்தில் பிறன்மனை நோக்காமையைப் பேராண்மை என்று வள்ளுவர் பெயரிட்டிருப்பது கருதத்தக்கது. ஆண்மையின் அளவுகோல் அங்கே ஆற்றலிலிருந்து அடக்கத்திற்கு மாற்றப்படுகிறது. அவ்வடக்கம் பார்வையில் தொடங்குகிறது. பார்வைக்குப் பூட்டிட முடியாது.

அடக்கமுடைமை அதிகாரத்தில் ஐம்புல அடக்கத்திற்கு ஆமையை உவமையாக்கினார். ஆமையின் ஓடு அதன் உடலின் பகுதி, பிறர் அணிவித்ததன்று. உறுப்புகளை உள்ளிழுப்பதும் வெளிநீட்டுவதும் அதன் செயலே. அடைபட்ட ஆமை என்று எதுவுமில்லை. அடங்கிய ஆமை உண்டு. வேண்டும்போது அடக்கவும் வேண்டும்போது நீட்டவும் இயலுகின்ற இவ்வுரிமையே உவமையின் உயிர். திறக்க இயலாத அடக்கம் உவமைக்குள் அடங்காது.

வடலூர் உரைநடையில் உடற்பேணல்

நெய்வேலி நகரியத்திலிருந்து வடலூர் குறுகிய பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு நகரியம் எழுவதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னரே, 1867-இல் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். 1872-இல் சத்திய ஞானசபை அமைந்தது. தைப்பூசத்தன்று சோதி காணச் செல்லும் இவ்வட்டார மக்கள் அவரை அருட்பாவின் ஆசிரியராகவும் பசிப்பிணி நீக்கியவராகவும் நன்கறிவர். அவருடைய உரைநடைப் பகுதியில் உள்ள 'நித்திய கரும விதி' அந்த அளவிற்கு இலக்கியத் திறனாய்வாளரின் கவனத்தைப் பெறவில்லை.

அவ்விதி துயிலெழுவது முதல் துயில்வது வரை உடலைப் பேணும் முறையைக் கூறுகிறது. கண், காது, நாசி, வாய் ஆகியவற்றின் அழுக்கை வெந்நீரால் அகற்றுதல், வேலங்குச்சி அல்லது ஆலம்விழுது கொண்டு பல்துலக்குதல், கரிசலாங்கண்ணியைப் பயன்படுத்துதல், உணவின் அளவு, உறங்கும் நிலை என அது நுணுகிச் செல்கிறது. கவிதையில் அருட்பெருஞ்சோதியைப் பாடியவர் உரைநடையில் காதின் அழுக்கைப் பற்றி எழுதினார் என்பது முரணன்று. உடம்பை இழுக்கென எண்ணியிருந்து பின் அதன் பயனறிந்து பேணலானதாகக் கூறும் திருமூலரின் வழியில் வரும் தொடர்ச்சியே அது.

ஆகாரம், மைதுனம், நித்திரை, பயம் ஆகிய நான்கிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்கிறார் அடிகள். நான்கிலும் இயலாதவர் ஆகாரத்திலும் மைதுனத்திலுமாவது எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என அவர் தளர்த்தியும் தருகிறார். இல்லறத்தார்க்கு உடலுறவின் இடைவெளியை மூன்று படிகளாக வகுக்கிறார்: நான்கு நாட்களுக்கு ஒருமுறை தாழ்ந்த நிலை, எட்டு நாட்களுக்கு ஒருமுறை இடைநிலை, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை உயர்ந்த நிலை. அதற்குமேல் தள்ளிப்போயின் சுக்கிலம் கெட்டுத் தானே கழிந்துவிடும் என்று காரணமும் கூறுகிறார். உறவுக்குப் பின் உடலைத் தூய்மை செய்துகொண்ட பின்னரே படுக்க வேண்டும் என்பதும் விதியில் அடங்கும்.

இப்பகுதியின் நடை கவனத்திற்குரியது. சபித்தலோ மிரட்டுதலோ இங்கில்லை. தாழ்வு, இடை, உயர்வு என்னும் மூன்று படிகள் மாந்தரின் இயல்பு வேறுபாட்டை ஒப்புக்கொள்கின்றன. கடைப்படியில் நிற்பவரும் விதிக்குள்ளேயே நிற்கிறார். உயர்ந்த நிலைக்கும் ஒரு மேல்வரம்பு இடப்பட்டிருப்பதே இவற்றுள் முதன்மையானது. அடக்கம் மிகமிக நன்று என்னும் வளர்கணக்கை அடிகள் இல்லறத்தார்க்கு ஏற்கவில்லை. உடல் தானே கழிப்பதை அவர் பாவமென்றோ நோயென்றோ பெயரிடாமல் நடப்பியல்பாகக் குறித்துச் செல்கிறார். சுக்கிலம் கெடும் என்னும் அவருடைய கருத்தை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. வெளியேறாத விந்தணுக்கள் உடலிலேயே சிதைந்து உறிஞ்சப்படுகின்றன. ஆனால் உறக்கத்தில் தானே கழிவது இயல்பு என்பதில் அவரும் இன்றைய மருத்துவமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

நெய்வேலிச் சுரங்கத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்க ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு உண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தில் ஊற்றுநீர் நிற்கிறது. அதனைக் கெட்டியாக மூடி யாரும் சுரங்கத்தைக் காக்கவில்லை. இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிப்பதனால்தான் சுரங்கத்தின் தரை பிளவாமல் நிற்கிறது. மனித உடல் சுரங்கமன்று. ஒப்புமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கலாகாது. ஆயினும் அடைப்பது வேறு, ஆள்வது வேறு என்னும் வேறுபாடு இவ்வட்டாரத்து மக்களின் அன்றாடத் தொழில் அறிவிலேயே உள்ளது.

அடிகளின் விதிக்கும் குறைகள் உள்ளன. அது ஆணை நோக்கியே பேசுகிறது. பெண் அங்கே உறவின் மறுபாதியாக மட்டுமே தோன்றுகிறாள். இடைவெளியை வகுப்பதில் அவள் விருப்பத்திற்கு இடம் குறிக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் எல்லை அது. அவ்விதியை இன்று பின்பற்ற விரும்புவோர் இவ்விடத்தில் அதனை விரித்துக்கொள்ள வேண்டும்.

அச்சத்தின் வணிகம்

நான்காவதாக அடிகள் வைத்த பயம் என்னும் சொல்லே இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறது. ஒரு துளி விந்து பல துளிக் குருதிக்குச் சமம் என்றும், கனவில் கழிந்தால் நரம்பு தளரும் என்றும், இளமையில் செய்த தவற்றால் இல்லறம் பாழாகும் என்றும் கூறும் விளம்பரங்கள் சுவரொட்டிகளாகவும் இதழ்களின் கடைப்பக்கங்களாகவும் நள்ளிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளாகவும் தமிழகத்தில் பல பத்தாண்டுகளாக உலவுகின்றன. இவற்றுட் சில சித்தர் பெயரையும் வள்ளலார் பெயரையும் துணைக்கழைக்கின்றன. நோய் தீர்க்கும் வியத்தகு மருந்து என்னும் விளம்பரங்களைத் தடைசெய்யும் நடுவணரசுச் சட்டம் 1954 முதலே உள்ளது. அதன் தடைக்குள் பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் விளம்பரங்களும் அடங்கும்.

இவ்வச்சம் நோயாகவே மாறுவதை மருத்துவம் பதிவு செய்துள்ளது. விந்து இழப்பால் உடல் கெட்டுவிட்டது என நம்பிச் சோர்வு, பதற்றம், உறக்கமின்மை, குற்றவுணர்வு ஆகியவற்றால் வருந்தும் நிலைக்குத் தாது நோய்க்குறி என்னும் பொருள்படும் பெயரை மனநல மருத்துவர் விக் 1960-இல் இட்டார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பிலும் அது இடம்பெற்றது. இந்நிலையில் வருந்துவோர்க்கு உடலில் இழப்பேதும் நேர்ந்திருப்பதில்லை, அச்சமே நோய்.

டிசோவின் நூலிலிருந்து பெர்க்கின்சின் கவசம் வரை ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்ற பாதையும், நம் சுவரொட்டிகள் செல்லும் பாதையும் ஒன்றே. அங்கே அச்சம் இரும்புப் பூட்டானது, இங்கே இலேகியமானது. இரண்டிலும் இயல்பான உடல் நிகழ்ச்சி குற்றமாக்கப்படுகிறது. பின்னர் அக்குற்றத்திற்குத் தீர்வு விற்கப்படுகிறது. இதற்கு நித்திய கரும விதியை மேற்கோளாக்குவோர், மைதுனத்திற்கு அடிகள் சொன்ன எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு, பயத்திற்கு அவர் சொன்ன எச்சரிக்கையை விட்டுவிடுகின்றனர். ஒரே தொடரில் அமைந்த நான்கில் ஒன்றைப் பிடித்து மற்றொன்றை மறைப்பது பனுவலைச் சிதைப்பதாகும். இது கருத்து வேறுபாடன்று, பாடம் பற்றிய பிழை.

ஒரு மறுப்பும் விடையும்

விந்துவைக் காத்தலே யோகத்தின் அடிப்படை என்று சித்தர் மரபு கூறவில்லையா என்னும் மறுப்பு இங்கே எழும். திருமந்திரத்தில் பரியங்க யோகமும் விந்து செயம் பற்றிய பகுதியும் உள்ளன என்பது உண்மை. அவற்றை மறைத்து மரபை இன்றைய மருத்துவத்திற்கு இணக்கமாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. எனினும் இரண்டு வேறுபாடுகள் கருதத்தக்கவை. முதலாவது, அப்பகுதிகள் குருவழிப் பயிற்சியாளர்க்கு உரியவை. பொதுமக்களுக்கு இடப்பட்ட ஆணைகளல்ல. இரண்டாவது, அங்கே கூறப்படும் வழி மூச்சும் மனமும் பற்றியது. உறுப்பை இறுக்கியோ துளையிட்டோ பூட்டியோ பெறும் வெற்றியைத் திருமூலர் யோகமாகக் கூறவில்லை. ஆகவே கருவியாளரும் இலேகிய வணிகரும் அம்மரபை முன்னோராகக் காட்ட இயலாது.

மற்றொரு மறுப்பும் உண்டு. தன் விருப்பத்தால் பூட்டணியும் ஒருவர்க்கு இப்பனுவல்கள் என்ன சொல்லமுடியும்? அவரைப் பழிப்பதற்கு இவற்றில் இடமில்லை. ஆனால் இவற்றிலிருந்து மூன்று கேள்விகளை அவர் பெறலாம். மாணியின் கோவணம்போல் அதனைக் கழுவி உலர்த்த இயலுமா? ஆமையின் அடக்கம்போல் வேண்டும்போது தாமே விடுவித்துக்கொள்ள முடியுமா? அதனை அணிவது அச்சத்தால் நேர்ந்ததா, விருப்பத்தால் நேர்ந்ததா? மூன்றிற்கும் நல்விடை கிடைப்பின் மீதி அவரும் அவர் துணைவரும் தீர்மானிக்க வேண்டியது. ஒன்றிற்கேனும் விடை தவறினால் அகற்ற வேண்டியது கருவியை. நொந்துகொள்ள வேண்டியது உடலையன்று.

முடிவுரை

தமிழ்ப் பனுவல்கள் ஆணின் அடக்கத்தைப் பேசும்போது பூட்டைக் காட்டவில்லை. சேக்கிழார் உலர்ந்த மாற்றுடையைக் காட்டினார். வள்ளுவர் ஓட்டுக்குள் தானே அடங்கும் ஆமையைக் காட்டினார். இராமலிங்க அடிகள் வெந்நீரையும் வேலங்குச்சியையும் மூன்று படிகளையும் காட்டினார். மூவரிடத்தும் உடல் பகையாகக் கருதப்படவில்லை. அதே வேளையில் இப்பனுவல்கள் பெண்ணின் இடத்தை உரிய அளவில் காணவில்லை என்பதையும் இக்கட்டுரை சுட்டியது. அவற்றைப் போற்றுவோர் அக்குறையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வடலூரின் பெயரால் இளைஞரை அச்சுறுத்தும் எழுத்துகளுக்கு மறுப்பு வடலூரிலேயே உள்ளது. நித்திய கரும விதியை மருத்துவ வரலாற்றோடும் நடையியலோடும் இணைத்து ஆராய்வது, அதன் வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிடுவது, பள்ளி, கல்லூரிகளில் உடல்நலக் கல்வியோடு சேர்த்து அதனை வாசிப்பது ஆகியவை இத்துறையில் அடுத்து நிகழவேண்டியவை. தன் உடலைக் கழுவவும் பேணவும் அறிந்த இளைஞனுக்கு அதனைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை இல்லை.